தழும்பில்லாத அச்சு

எங்கள் பட்டறையில் கால் செய்கிறோம். கை செய்யும் பிரிவும் ஒரு காலத்தில் இருந்தது. அதைச் செய்தவர் ஓய்வு பெற்றதும் அந்த அறையில் மாவுக்கட்டு மூட்டைகளை அடுக்கிவிட்டார்கள். ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் சலவைக்கூடத்துக்கும் ஜெனரேட்டர் கொட்டகைக்கும் நடுவே தகரக்கூரை போட்ட நீளமான கூடம்தான் பட்டறை. மழை பிடித்துக்கொண்டால் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. அப்போதெல்லாம் சைகையிலேயே வேலை நடக்கும்.

நான் வார் தைக்கிறவள். செய்த கால் உடம்போடு நிற்க வேண்டுமானால் தோல்பட்டை, கொக்கி, உள்மெத்தை எல்லாம் வேண்டும். அதெல்லாம் என் பொறுப்பு. எனக்கே வலது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. பன்னிரண்டு வயதில் லாரி ஏறிப் போனது. அதனால் இங்கே கால் வாங்க வருகிறவர்கள் யாரிடம் சிடுசிடுத்தாலும் என்னிடம் அடக்கமாகத்தான் இருப்பார்கள். உனக்கென்ன தெரியும் என்று என்னைப் பார்த்துக் கேட்க யாருக்கும் வாய் வராது.

அளவெடுப்பவர் மாவு மாஸ்டர். மிச்சமிருக்கிற காலின் மேல் நனைத்த மாவுக்கட்டுத் துணியைச் சுற்றி, இறுகியதும் கழற்றி, அதற்குள் மாவைக் கரைத்து ஊற்றுவார். அந்த ஆளின் கால் அப்படியே அச்சாக வந்துவிடும். சுற்றுவதற்கு முன்னால் எலும்பு துருத்தும் இடம், தொட்டால் வலிக்கும் இடம் எல்லாவற்றையும் பென்சிலால் குறிப்பார். ஈரம் பட்டால் பளிச்சென்று ஊதாவாகும் பென்சில் அது. தோலில் போட்ட குறி துணியில் ஒட்டும், துணியிலிருந்து அச்சுக்கு வரும். பட்டறையில் எல்லோருக்கும் விரல்நுனி ஊதாதான். ஓட்டுப் போட்ட மை என்று நினைத்தால் நாங்கள் வருஷம் முழுக்கக் கள்ள ஓட்டுப் போடுகிற கூட்டம்.

இருபத்திரண்டு வருஷமாக எனக்கும் அவர்தான் அளவெடுக்கிறார். மாஸ்டர் தொட்டால் வலிக்காது என்று ஊரே சொல்லும். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். முக்காலியில் உட்காரும்போது இடது காலை மட்டும் தள்ளி நீட்டி வைத்துக்கொள்வார். மூட்டுவலி போல என்று நினைத்திருந்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட நான் கேட்கவில்லை. மற்றவர்கள் காலைப் பற்றித்தானே நாங்கள் கேட்போம்!

அடைமழை மாதத்தில்தான் இது நடந்தது. அலமாரியில் பதினைந்து அச்சுகள் காயாமல் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஆளின் எண் எழுதிய தகடு கட்டியிருக்கும். இடது தொடை அச்சு ஒன்றில் மட்டும் தகடு இல்லை. பிளாஸ்டிக் தகட்டை உருக்கி அச்சின் மேல் போர்த்துகிற ஆளை நாங்கள் அடுப்பு என்று கூப்பிடுவோம். அவன், தகடு தண்ணீரில் அவிழ்ந்து விழுந்திருக்கும் என்று தானாகவே முடிவு செய்து, இடது தொடைக்குக் காத்திருந்த ஒரு பஸ் டிரைவரின் எண்ணைக் கட்டிவிட்டான். மிச்சக்கால் நுழைகிற சாக்கெட் செய்து, முட்டி பூட்டி, பாதம் வைத்தாகிவிட்டது. நானும் இரண்டு நாள் உட்கார்ந்து வார் தைத்தேன். நல்ல தோல், நெருக்கமான தையல்.

டிரைவர் வந்து போட்டுப் பார்த்தார். வாளிக்குள் கரண்டி போட்டதைப் போல் ஆடியது. அதே பக்கத்துக்கு இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களையும் கூப்பிட்டுப் போட்டுப் பார்த்தோம். ஒருத்தருக்கும் பொருந்தவில்லை.

"ஆளில்லாம ஒரு கால் பண்ணியாச்சுக்கா," என்று அடுப்பு தலையில் கைவைத்தான்.

"நீ பண்ணுன காலு, நீயே போட்டுக்க," என்றேன்.

எனக்குள் ஏதோ உறுத்தியது. அந்த அச்சை எடுத்துவரச் சொல்லி மடியில் வைத்துத் தடவிப் பார்த்தேன். வெட்டுப்பட்ட காலுக்கு ஒரு முடிவு உண்டு. தையல் போட்ட மேடு, உள்வாங்கிய பள்ளம், ஓரத்தில் பிதுங்கும் சதை என்று ஒவ்வொருத்தருக்கும் ஒரு மாதிரி இருக்கும், ஆனால் தழும்பு இல்லாமல் இருக்காது. இந்த அச்சின் அடிப்பக்கம் பொங்கல்பானை மூடி போல வழவழவென்று இருந்தது. யாரோ மாவைக் குழைத்துக் கையால் மூடியிருக்கிறார்கள். எலும்புக்குறி ஒன்றும் இல்லை. அடிக்குச் சற்று மேலே, சுற்றிலும், ஒரே ஒரு ஊதாக்கோடு. ஆரம்பித்த இடத்திலேயே பிசகாமல் வந்து முடிந்திருந்தது. அப்படிக் கோடு போட எங்கள் பட்டறையில் ஒரு கைக்குத்தான் வரும்.

மாஸ்டர் அன்றைக்கு வார்டில் அளவெடுக்கப் போயிருந்தார். சாப்பாட்டு நேரத்துக்கு அவர் மனைவி வந்தாள். பக்கத்துச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். இரண்டு டப்பாக்களையும் மேசையில் வைத்துவிட்டு என் மடியைப் பார்த்தவள், பார்த்தபடியே நின்றாள். பிறகு குனிந்து அந்தக் கோட்டின் மேல் சாண் போட்டு அளந்தாள்.

"இது எங்க வீட்டுக் கறைக்கா," என்றாள்.

"என்ன கறை?"

"அவரு பேன்ட்டு எல்லாத்துலயும் இருக்கும். இடது காலு, முட்டிக்கு மேல ஒரு சாண். உள்பக்கம். பதினெட்டு வருஷமா தேய்க்கிறேன், போகவே மாட்டேங்குது. வேலைல ஒட்டிக்குதுன்னாரு. ஒட்டிக்கறது எப்பவும் அதே எடத்துலயா ஒட்டிக்கும்னு நான் ஒரு தடவகூட யோசிக்கல பாருங்க."

அப்போதுதான் மாஸ்டர் உள்ளே வந்தார். மேசையில் நின்றுகொண்டிருந்த முழுக்காலைப் பார்த்தார், என் மடியில் இருந்த அச்சைப் பார்த்தார், மனைவியைப் பார்க்கவில்லை. மெதுவாகப் போய் அந்தக் காலைத் தூக்கித் தன் தொடையோடு சேர்த்து வைத்துக்கொண்டார். ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் அவர் முகத்தில் வந்த நிம்மதியை அத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. உள்ளதைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அவரை நான் வெறுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மனைவிதான் வரச் சொல்லியிருந்தாள். நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாருக்கா, கால் இல்லாதவங்க சொன்னாத்தான் உறைக்கும் என்றாள். மூன்றாவது மாடியில் இரண்டு அறை. மழையால் துணியெல்லாம் உள்ளேயே கொடி கட்டிக் காய்ந்தது. ஈரச்சேலைகளை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு போய்த்தான் மாஸ்டரைக் கண்டுபிடித்தேன். ஒரே மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மாஸ்டர் மனைவி சோறும் முட்டைக்குழம்பும் வைத்திருந்தாள். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

"மூணு நாளா வாயே தொறக்கலக்கா. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். அந்தக் காலை எதுவும் பண்ணிக்க மாட்டேன்னு பாப்பா மேல சத்தியம் பண்ணுங்கன்னேன்."

"பண்ணாரா?"

"எங்க! சொவத்தையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்காரு."

"பொய்ச்சத்தியம் பண்ணக் கூடாதுல்ல," என்றார் மாஸ்டர் சோற்றைப் பிசைந்துகொண்டே.

அவ்வளவுதான், எனக்கு வந்ததே கோபம். பட்டையை அவிழ்த்து, காலைக் கழற்றி, தட்டுகளுக்கு நடுவே நங்கென்று வைத்தேன். குழம்புக் கிண்ணம் ஆடியது.

"எடுத்துக்கங்க மாஸ்டர். காலு இல்லாம இருக்கறது அவ்வளவு சொகம்னு நெனச்சீங்கன்னா இதை மாட்டிக்கிட்டு இந்த மூணு மாடி ஏறிக் காட்டுங்க. வேர்க்குருவுல ரத்தம் வர்றப்ப வார் இறுக்கிக் காட்டுங்க. பன்னெண்டு வயசுலேர்ந்து எந்தப் பய என்னைப் பொண்ணு பாக்க வந்தான்? வாடகை ரூம்ல ஒத்தைல கெடக்கறேன். காலு வேணாமாம்ல, காலு!"

அவர் தட்டைத் தள்ளிவிட்டு என் காலை எடுத்துத் துடைத்து, பாதம் தரையில் படும்படி என் பக்கத்தில் சாய்த்து வைத்தார்.

"உங்க முன்னாடிதான்க்கா எனக்கு ரொம்ப வெக்கமா இருக்கும்," என்றார். "காலு போச்சுன்னு அழுதுக்கிட்டு வர்றவங்களுக்குத்தான் தெனமும் அளவெடுக்கறேன். அவங்கள்லாம் எந்திரிச்சுப் போனதும் நான் என்ன நெனப்பேன்னு தெரிஞ்சா செருப்பால அடிப்பாங்க. எனக்கு ஆறு வயசுலேர்ந்து இது. வலியில்ல. மரத்துப்போகல. நடக்குது, சொன்னபடி கேக்குது. ஆனா என்னுது இல்ல. பஸ்ல யாரோ ஒருத்தர், 'கொஞ்சம் பாத்துக்கங்க, இதோ வந்துடறேன்'னு மடியில ஒரு மூட்டைய வச்சுட்டு எறங்கிப் போயிட்டாரு. நாப்பது வருஷமா வச்சுக்கிட்டிருக்கேன். அவரு வரவேயில்ல."

"அந்தக் கோடு எதுக்கு?" மனைவி கேட்டாள்.

"நான் எதுவரைக்கும்னு ஒரு அடையாளம் வேண்டியிருக்கு. போட்டாக் கொஞ்சம் மூச்சு விட்டுக்கலாம். அளவெடுத்துப் பாக்கணும்னு ஒருநாள் தோணுச்சு. கோடு வரைக்கும் மாவுக்கட்டு சுத்தி, எடுத்து, அடியை மூடி வச்சேன். பாத்துட்டு ஒடச்சிடலாம்னுதான் இருந்தேன். ஒடைக்க மனசு வரல."

"பாப்பா சின்னப்புள்ளைல மடியில ஏறுனா வலது பக்கம் மாத்தி ஒக்கார வைப்பீங்களே, அது இதுக்குத்தானா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். அவள் எழுந்து கொடியில் இருந்த துணிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எதுவும் காய்ந்திருக்கவில்லை. அழுகிறாள் என்று முதுகைப் பார்த்தே தெரிந்தது. நான் பேச வந்த பேச்செல்லாம் எங்கேயோ போய்விட்டது. காலை மாட்டிக்கொண்டு, செவ்வாய்க்கிழமை மூளை டாக்டர் வருவார், சீட்டு நான் வாங்கி வைக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மூளை டாக்டர் ஒரு நடுத்தர வயது அம்மாள். நாங்கள் மூவரும் உள்ளே போனதைப் பார்த்து யார் நோயாளி என்று கேட்டார். என் நொண்டலைப் பார்த்தால் யாருக்கும் அந்தக் குழப்பம் வரும். மாஸ்டரைக் கண்ணை மூடிப் படுக்கச் சொல்லி, ஒரு மெல்லிய பிரஷ்ஷால் கணுக்காலிலிருந்து மேலே தடவிக்கொண்டே வந்தார். தெரியுதா, தெரியுது. தெரியுதா, தெரியுது. ஓர் இடத்தில் மாஸ்டர், "இங்கேர்ந்து நான்," என்றார். அடுத்து இடுப்பிலிருந்து கீழே தடவினார். "இதோட சரி." இப்படி மூன்று மூன்று தடவை. டாக்டர் டேப் வைத்துப் பார்த்தார். ஆறு தடவையும் ஒரு விரல் அகலத்துக்குள் அடங்கிவிட்டது. கண்ணைக் கட்டிவிட்டால் எனக்கே வார் அளவு அப்படி வராது.

மூளையை ஸ்கேன் படமெல்லாம் எடுத்து முடித்து அடுத்த வாரம் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"தொட்டா உங்களுக்குத் தெரியுது. நரம்பு நல்லா இருக்கு. சேதி மூளைக்குப் போகுது. ஆனா மூளைல மேல்பக்கம், உச்சிக்குக் கொஞ்சம் பின்னாடி, ஒரு எடம் இருக்கு. கை, காலு, முதுகுன்னு தனித்தனியா வர்ற சேதியையெல்லாம் சேத்து, இதெல்லாம் நான்னு ஒரே ஆளா கட்டற எடம். இடது காலுக்கு வலது பக்க மூளை. உங்கள மாதிரி இருக்கறவங்கள்ல சில பேருக்கு அந்த எடம் மெலிசா இருக்குன்னு பாத்திருக்காங்க. அங்க கட்டறப்ப இந்தக் காலைச் சேக்காம விட்டுட்டுச்சுன்னு வச்சுக்கலாம். எல்லாருக்கும் அப்படியான்னு உறுதியா சொல்ல முடியாது. இன்னும் படிச்சுக்கிட்டுத்தான் இருக்கோம்."

"அப்ப பைத்தியம் இல்லியேம்மா?" என்றாள் மனைவி.

"இல்ல. இந்த நெனப்பு தப்புன்னு அவரே நெனைக்கிறாரு பாருங்க. பைத்தியம் அப்படி நெனைக்காது."

பிறகு டாக்டர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குப் போன காலு இன்னும் இருக்கற மாதிரி தோணுமே?"

"கட்டைவெரல் அரிக்கும்மா. முப்பத்தெட்டு வருஷமா. சொறிய எடமில்ல."

"அதே கணக்குதான். உங்களுக்குக் காலு போயிடுச்சு, உள்ள போட்ட படம் அழியல. இவருக்குக் காலு இருக்கு, படத்துல வரையவேயில்ல."

நான் மாஸ்டரைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். இருபத்திரண்டு வருஷம் என் கால் அவர் கையில்தான் இருந்திருக்கிறது. அரிக்கும் என்று நான் அவரிடம் சொன்னதில்லை, வேண்டாம் என்று அவரும் என்னிடம் சொன்னதில்லை. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து இன்னைக்கு வெயில் ஜாஸ்தி என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

மனைவி மாத்திரை உண்டா என்று கேட்டாள். மனபாரத்துக்குத் தரலாம், காலை வரைந்து கொடுக்கிற மாத்திரை யாரிடமும் இல்லை என்றார் டாக்டர். நல்லா இருக்கிற காலை எடுக்கச் சொல்ல மாட்டேன், ஆனால் அவர் ஏன் கேட்கிறார் என்று புரிகிறது என்றும் சொன்னார். மாதம் ஒருதடவை வர வேண்டும். அந்த நினைப்பு மிஞ்சும் நாளில் ஒளிக்காமல் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். "தனியா மட்டும் வச்சுக்காதீங்க," என்றார்.

வெளியே கேன்டீனில் டீ வாங்கி உட்கார்ந்தோம். பிளாஸ்டிக் மேசை, ஈக்கள். மழை விட்டிருந்தது. மாஸ்டர் வழக்கம்போல் இடது காலைத் தள்ளி நீட்டி வைத்திருந்தார். மனைவி டீயைக் குடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, நான் ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"அந்த வேண்டாத பட்டியல்ல நானும் இருக்கேனா?"

"சீச்சீ! என்ன பேச்சு இது?"

"இல்ல, பதினெட்டு வருஷமாப் பக்கத்துல படுத்திருக்கேன். நீங்க ஒரு கோட்டோட நின்னுட்டீங்கன்னு எனக்குத் தெரியவேயில்ல. எதுக்கும் கேட்டு வச்சுக்கறேன்."

அவர் அவள் கையைப் பிடித்தார். அவள் கையை உருவிக்கொண்டு, குனிந்து, அவருடைய இடது பாதத்தைச் செருப்போடு தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இது ஒங்களுது இல்லதானே?"

"இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அப்பறம் பேச்சு மாறக் கூடாது."

"என்னுது இல்ல."

"அப்ப எனக்குக் குடுத்துடுங்க. மூட்டையை வச்சவரு வரல, நான் வந்திருக்கேன். இன்னையிலேர்ந்து இது என் காலு. எண்ணெய் தேய்க்கறது, நகம் வெட்டறது எல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்க சும்மா கொண்டு போயிட்டுக் கொண்டு வாங்க. பாப்பா மேல சத்தியம் கேட்டேன், ஒங்களால முடியல. அடுத்தவ பொருள் மேல கை வைக்க மாட்டேன்னாவது சத்தியம் பண்ணுவீங்களா?"

மாஸ்டர் அவள் மடியில் இருந்த பாதத்தைப் பார்த்தார். அடுத்தவர் காலை அத்தனை பதமாகத் தொடுகிற மனிதர். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருத்தரையும் வலிக்கவிட்டதில்லை.

"அடுத்தவங்க காலுன்னா பண்ணலாம்," என்றார் கடைசியில். "பண்றேன்."

அவள் அப்போதுதான் ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தாள். எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் அதுமட்டுமில்லை. எனக்கு உரிமை கொண்டாட இப்படி ஒருத்தரும் வந்ததில்லை என்ற பொறாமையும் இருந்தது. ஈ விரட்டுவதைப் போல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆளில்லாத அந்தக் காலைப் பிரித்துவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. முட்டியும் பாதமும் வேறு ஆளுக்கு உதவும். வார்த் தையலை நான்தான் பிரித்தேன். மாஸ்டர் எதிரே உட்கார்ந்து கடைசி நூல்வரை பார்த்தார். அச்சை அவரே உடைத்தார். துண்டுகளையும் அவரே கூட்டி அள்ளினார். அடுப்பு ஏதோ கேலி பேச வாயெடுத்தான், நான் முறைத்ததும் அடங்கிவிட்டான்.

சாப்பாட்டு நேரத்தில் மனைவி டப்பாவோடு வருவாள். "என் காலு எப்படி இருக்கு?" என்று கேட்பாள். "இருக்கு," என்பார். சில நாள் "இன்னைக்குக் கொஞ்சம் கஷ்டம்," என்பார். அன்றைக்கு அவள் இஸ்திரியை வேறு ஆளிடம் விட்டுவிட்டு, சாயங்காலம்வரை பட்டறை ஓரத்தில் வந்து உட்கார்ந்திருப்பாள். பேன்ட்டில் கறை இன்னும் வருகிறது. முன்னைவிடக் குறைவுதான் என்கிறாள்.

வெயில் காலம் வந்ததும் எனக்குச் சாக்கெட் தளர்ந்துவிட்டது. ஐந்து வருஷத்துக்கு ஒருதடவை இப்படி ஆகும், கால் இளைத்துக்கொண்டே போகும். மாஸ்டர் குறி போட்டு, மாவுத்துணியை நனைத்துச் சுற்றினார். பிறகு முக்காலியை என் வலது பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, கட்டு இறுகும்வரை முட்டிக்குக் கீழே இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பிடித்தார். பட்டறையில் வேறு யாரும் இல்லை. தகரம் காய்ந்து படபடவென்று சத்தம் போட்டது.

"அது எப்படி இருக்கு?" என்று கேட்டார். என் இல்லாத காலை அவர் விசாரித்தது அதுதான் முதல் தடவை.

"அரிக்குது. கட்டைவெரல். காலைலேர்ந்து."

அவர் தள்ளி வைத்திருந்த இடது காலை, செருப்பை உதறிவிட்டு, மெல்ல நகர்த்தினார். என் முட்டிக்கு நேர் கீழே, என் பாதம் இருக்க வேண்டிய இடத்தில் கொண்டுவந்து வைத்தார்.

"என்ன மாஸ்டர் இது?"

"கொஞ்ச நேரம் வச்சுக்கங்க. சொந்தக்காரிகிட்டக் கேட்டுட்டேன்."

தொழில்காரி புத்தி எனக்கு. அளவு பெரிசு, பக்கமும் மாறியிருக்கிறது, கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் சுண்டுவிரல் இருக்கிறது என்று பார்த்தேன். நகமெல்லாம் ஒட்ட வெட்டியிருந்தது, எண்ணெய் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. கையை எடுக்க முடியாததால் அவர் தன் வலது குதிகாலால் அந்தப் பாதத்தின் கட்டைவிரலை அழுத்தித் தேய்த்தார். நான் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டு வருஷ அரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

"நின்னுச்சா?"

"ம்."

"கட்டு இன்னும் இறுகல. அசையாதீங்கக்கா."

நான் அசையவில்லை. அவரும் காலை எடுக்கவில்லை.